பிறந்த வீட்டுக் கோடி

மீன் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை ஐயா. ஒரு துண்டு வாயில் பட்டால் போதும், உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்து, விடிய விடியச் சொறிந்துகொண்டிருப்பேன். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்த பையனுக்கு இப்படியொரு உடம்பு வாய்த்தால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படகில் ஏற்றினால் வாந்தி வேறு. அப்பா என்னை ஓர் ஆளாகவே சேர்த்துக்கொள்ளவில்லை. அக்கா தனம்தான் எனக்கென்று சின்னச் சட்டியில் ரசமோ கத்தரிக்காய்க் குழம்போ தனியாக வைத்துத் தருவாள். அவள் கல்யாணமாகிப் பிள்ளைச்சாவடிக்குப் போன அன்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அதில் பாதி அந்தச் சட்டிக்காகத்தான்.

சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை, சொன்னால் அது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்று நீதிபதியான நீங்கள் முறையாக எடுத்துச் சொன்னீர்கள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. என்னிடம் டிப்பர் லாரி ஓட்டுகிற அஜித் உங்களிடம் சொன்னது அவன் பார்த்த அளவுக்கு உண்மை. ஆனால் அவன் பார்த்தது கொஞ்சம்தான். அரைகுறையாகச் சொன்ன விஷயத்தை வைத்து ஒரு மனுஷனை எடைபோடக் கூடாது என்பதால் மீதியை நானே சொல்கிறேன்.

என் பெயர் புருஷோத்தமன். கருவடிக்குப்பத்தில் சொந்த வீடு. கடலோரத்தில் கல் கொட்டுவது தொழில். குவாரியிலிருந்து கருங்கல் பாறைகளை டிப்பரில் ஏற்றிவந்து, கடல் அரிக்கிற இடத்தில் தடுப்புச் சுவராகப் போடுவோம். பெரிய ஒப்பந்தக்காரர் பெயரில் வேலை வரும், வண்டியும் ஆளும் என்னுடையவை. முதல் கல்லை நான் போட்டது எங்கள் குப்பத்து ஓரத்தில் முசே வின்சான் வீட்டுக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய நம்மூர்க்காரர், அதனால்தான் மரியாதைக்கு முசே. அவருடைய காம்பவுண்டுச் சுவரைக் கடல் கடித்துக்கொண்டிருந்தது. நான் கல்லைக் கொட்டிக் கொடுத்தேன், வீடு தப்பித்தது. அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு வடக்கே இருந்த வீட்டு வாசலில் மணலே இல்லாமல் போயிற்று. பழி என்மேல் விழும் என்று பயந்தேன். அவரிடம் ஓடினேன். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சிரித்தார்.

"மணல் தெக்கேர்ந்து வடக்கப் போய்க்கினே இருக்கும் தம்பி. நீ இங்க மறிச்சன்னா அந்தாண்ட இருக்கறவனுக்கு வந்து சேராது. அப்புறம் அவனும் கல்லு கேப்பான். உனக்கு வேலை முடியவே முடியாது, பயப்படாத."

என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார். நான் அதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. ஓர் ஊருக்குக் கல் போட்டால் வடக்கே இருக்கிற ஊரில் முதலில் படகு ஏற்றி வைக்கிற இடம் போகும், பிறகு தென்னை சாயும், கடைசியில் முன்வரிசை வீடுகள் விழும். ஜனங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்வார்கள். அதிகாரிகள் வருவார்கள், உத்தரவு வரும், என் வண்டிகள் வரும். மறியலுக்குப் பந்தல், மைக் செட், தண்ணீர் பாக்கெட் எல்லாம் பல ஊர்களில் என் உபயம். ஓர் ஊரில் போடுகிற கல் அடுத்த ஊரின் மணலைத் தின்னும் என்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். காய்ச்சல் வந்தால்தான் டாக்டருக்குப் பிழைப்பு, அவரை யாரும் குறை சொல்வதில்லை. முட்டையிட வருகிற ஆமைகள் கல்லில் ஏற முடியாமல் இடுக்கில் சிக்கிச் செத்துக் கிடக்கும். காலையில் ஆள் விட்டு அப்புறப்படுத்திவிடுவேன். எனக்கு நாற்றம் ஆகாது.

சுவர் ஊர் ஊராக வளர்ந்து பிள்ளைச்சாவடி எல்லைவரைக்கும் போய் நின்றது. அங்கும் கரை பாதியாகக் குறைந்திருந்தது. நான் பந்தலோடு காத்திருந்தேன். அவர்கள் மறியல் செய்யவில்லை. கல் வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவுக்குக் காரணம் ஊர்த் தலைவர், எங்கள் பேச்சில் நாட்டார். பெயர் தெய்வநாயகம். என் அக்கா புருஷன்.

மாமா படிக்காதவர் என்றாலும் அடித்துப் பேசக்கூடியவர். கல்லைப் போட்டால் படகை எங்கே ஏற்றுவது, கரைவலையை எங்கே நின்று இழுப்பது, மணல் இல்லாத ஊரில் மீன்காரன் எதற்கு என்று கோயில் வாசலில் கேட்டாராம். உத்தரவு கையில் இருக்கிறதே என்று நான் வண்டிகளைக் கொண்டுபோனேன். பெண்கள் வந்து சக்கரத்துக்கு முன்னால் மணலில் படுத்தார்கள். முதலில் படுத்தவள் அக்கா. நான் வண்டிகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். இன்னொரு முறையும் போனேன். அப்போதும் அவள்தான் முதலில் வந்து படுத்தாள். வேறு ஒருவனாக இருந்தால் போலீஸைக் கூட்டிவந்து இழுத்துப் போட்டிருப்பான். எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் நீங்கள் என் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் வேலையைத் தொடங்காவிட்டால் உத்தரவு காலாவதியாகிவிடும். பிள்ளைச்சாவடி ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லி ஜெயித்துவிட்டால், வடக்கே இருக்கிற ஊர்களுக்கும் வாய் வந்துவிடும். அந்த எல்லையோடு என் தொழில் முடிந்தது. மறுபடியும் மீன் நாற்றத்துக்கு நடுவில், வலை இழுக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். என் பிழைப்பில் மண்ணள்ளிப் போட மாமாவுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். அவர்மேல் எனக்குப் பகை கிடையாது.

முதல் நாள் கொட்டுவதுதான் கஷ்டம். விழுந்த கல்லை எந்த ஊரும் கையால் தூக்கிப் போட்டதில்லை. எனக்குத் தேவைப்பட்டது ஆளில்லாத கரை, அதுவும் ஒரு மதியப் பொழுதுக்கு மட்டும். அது எப்போது கிடைக்கும் என்பது எங்கள் ஜனத்தில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் எந்தப் படகும் கடலில் இறங்காது. பிணத்தை எடுத்ததும் ஆண்கள் அத்தனை பேரும் சாலைக்கு மேற்கே சுடுகாட்டுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் சாவு வீட்டை விட்டு நகர மாட்டார்கள். எல்லோரும் திரும்பி வந்து தலை முழுகும்வரை ஒருவரும் கடல் மணலை மிதிக்கக் கூடாது. அவ்வளவு நேரம் எனக்குத் தாராளம்.

எனவே ஒரு சாவுக்காகக் காத்திருந்தேன். அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், அந்த ஆவணியும் புரட்டாசியும் பிள்ளைச்சாவடியில் ஒருவரும் சாகவில்லை. ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய் இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்தேன். அவர் தேறி வீட்டுக்கு வந்து புரோட்டா கேட்டாராம். எனக்கு உண்மையிலேயே எரிச்சலாக இருந்தது.

சாவு வேண்டும் என்று ஆனபின் யாருடைய சாவு என்பதில் பெரிய குழப்பம் இல்லை. நாட்டார் செத்தால் ஒருவர்கூட மிச்சமில்லாமல் ஊரே போகும். தடுக்கிற வாயும் அடங்கிவிடும். மாமாவுக்கு ஏற்கனவே நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். இன்னொரு முறை வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் கோபத்தில் எதையும் செய்யவில்லை. எல்லாவற்றையும் நிதானமாக யோசித்து, யாருக்கும் அதிகச் சிரமம் வராத வழியைத்தான் எடுத்தேன்.

அந்த வாரம் கடலில் கொந்தளிப்பு என்று படகு எதுவும் போகவில்லை. மாமா என் வண்டிகளுக்குக் காவலாகக் கரையிலேயே வலை வைக்கிற கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தார். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேரும் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து குடித்தோம். நான் கல்லைப் பற்றிப் பேசவே இல்லை. அவராகத்தான் பேசினார்.

"மச்சான், நீ கெட்டவன் கெடையாது. கடலு உன்ன சேத்துக்கலன்னு உனுக்கு அதுமேல கோவம். அந்தக் கோவத்த ஊருமேல காட்டிக்கினு கீற."

அது தவறு. எனக்குக் கடல்மேல் கோபம் எதுவும் இல்லை. அதைச் சொல்லவும் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கழுவக் குனிந்தார். பின்னால் இருந்து பிடரியில் முட்டியை வைத்து முகத்தை ஈர மணலில் அழுத்தினேன். துடுப்பு வலித்த உடம்பு ஐயா, சுலபத்தில் அடங்கவில்லை. ஒரு கை பின்னால் வந்து என் கணுக்காலைப் பிடித்து நகம் பதியக் கீறியது, வடு இன்னும் இருக்கிறது. கால்கள் இரண்டும் மணலை உதைத்து உதைத்துப் பள்ளமாக்கின. நான் பின்னந்தலையில் இரண்டு கைகளையும் ஊன்றி என் முழுக் கனத்தையும் இறக்கினேன். வாய்க்குள் மணல் போகிற சத்தம் அரிசி களைகிற மாதிரி இருந்தது. அவர் அடங்கின பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அவசரப்பட்டு அரைகுறையாக விட்டால் அவருக்குத்தான் அவஸ்தை.

பிறகு புரட்டிப் போட்டு, மூக்கையும் வாயையும் விரலால் வழித்து, பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை ஊற்றிக் கழுவினேன். கொட்டகைக்கு இழுத்துப் போய் வலைமேல் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பள்ளங்களை அலை நிரப்பிவிட்டது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அஜித்தைக் கூப்பிட்டு, குவாரியில் லோடு ஏற்றி மதியத்துக்குள், ஊர் கண்ணில் படாமல் தெற்கே தள்ளிச் சாலை ஓரமாக வண்டிகளை நிறுத்தச் சொன்னேன். அவனுக்கு வேறெதுவும் தெரியாது. அவன்மேல் வழக்குப் போட விடாதீர்கள்.

ஏழு மணிவாக்கில் எனக்குத் தகவல் வந்தது. நெஞ்சடைப்பு என்றுதான் ஊரே பேசியது. உடனே காரை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டி, சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி, "தம்பி, பாத்தியாடா" என்றாள். எனக்கும் அடக்க முடியாத அழுகை வந்தது. அது நடிப்பில்லை. அவள் அழுதால் நான் எப்போதும் அழுதுவிடுவேன்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். எங்கள் பக்கம் புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். கோடி போடுவது என்போம். அக்காவுக்கு இருக்கிற பிறந்த வீடு நான் ஒருவன்தான். மணி எட்டுகூட ஆகியிருக்காது, சாவு வீட்டில் மூத்த பெண்கள் ஒன்றுகூடி, பிறந்த வீட்டுக் கோடி எப்போது வரும், தம்பிக்காரன் பணம் சேர்ந்ததும் முறையை மறந்துவிட்டானோ என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்குச் சுருக்கென்றது. மீன் தின்னாதவன் என்று சிரித்த அதே வாய்கள். முறையில் என்னை யாரும் குறை சொல்லக் கூடாது. காருக்குப் போய்ப் பையை எடுத்துவந்து, அத்தனை பேர் பார்க்க அவள் தோளில் கோடியைப் போர்த்தினேன். கத்தரிப்பூ நிறம். அவளுக்குப் பிடித்த நிறம் என்று நேரு வீதியில் நான்கு கடை ஏறி இறங்கி எடுத்தது. காரியம் நடக்கிற நாளில் கடைக்கு அலைய முடியாதே என்று முன்னதாகவே வாங்கி வைத்திருந்தேன்.

அக்கா புடவையின் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கடலூரில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா மகள் அன்புசெல்வி வந்து சேர்ந்ததும், மதியம் திரும்பிய பிறகு பிணத்தை எடுத்தார்கள். பறை மேளத்தை நானே ஏற்பாடு செய்திருந்தேன். வெடியும் வழக்கத்தைவிட அதிகமாக வாங்கிக் கொடுத்தேன், நாட்டாருக்கு மரியாதை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கல் கொட்டுகிற சத்தம் அதில் அமுங்கிப்போகும். சாலை வரைக்கும் பாடையோடு நடந்தேன். தலைசுற்றுகிறது என்று சொல்லிவிட்டு அங்கிருந்து திரும்பி, அஜித்தின் வண்டியை முன்னால் விட்டு மற்றவற்றை வரிசையாக நிறுத்திக் கரைக்குக் கொண்டுவந்தேன்.

கரையில் ஒரு குருவி இல்லை. டிப்பர் பின்னால் வரும்போது ஓட்டுகிறவனுக்குப் பின்பக்கம் தெரியாது. கீழே நிற்கிற ஆள் பக்கத் தகட்டில் ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும், இரண்டு தட்டு தட்டினால் கொட்ட வேண்டும். அப்படித்தான் எங்கள் வேலையில் வழக்கம். அஜித் முதல் லோடைக் கொட்டினான். பெரிய பெரிய பாறைகள், நல்ல கல். மணலில் வண்டியைப் பின்னால் எடுக்கப் பழகியவன் அவன்தான் என்பதால், அடுத்த லோடு வண்டியிலும் அவனே ஏறி மறுபடியும் பின்னால் வந்தபோது, அக்கா கொட்டகைப் பக்கமிருந்து நடந்து வந்தாள். கோடிப் புடவை தோளில் அப்படியே இருந்தது. சாவு வீட்டை விட்டு வெளியே வரக் கூடாத நேரத்தில் வந்திருந்தாள். நான் ஒரு தட்டு தட்டி வண்டியை நிறுத்தினேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"கட தொறக்கறதுக்குள்ள கோடி எப்புடிடா வந்துச்சி?"

அவளிடம் எனக்குப் பொய் வராது ஐயா. "முன்னாடியே வாங்கி வெச்சிருந்தேன்க்கா" என்றேன்.

"எப்ப?"

"செவ்வாக்கெழம."

மாமா செத்தது வெள்ளிக்கிழமை. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தக் கல் குவியலைப் பார்த்தாள். பிறகு வண்டிக்குப் பின்னால் போய், முன்பு படுத்த மாதிரியே மணலில் மல்லாந்து படுத்தாள்.

"அவுரு காத்த மண்ணுடா இது. கொட்டறதுன்னா ஏம்மேல கொட்டு."

சுடுகாட்டுப் பக்கம் வெடிச் சத்தம் குறைய ஆரம்பித்துவிட்டது. ஆண்கள் திரும்புகிற நேரம். மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் மற்ற வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவள் எழுந்துபோனால் ஊருக்கு முன்னால் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். புருஷன் இல்லாமல் அவள் இனி என்ன சுகத்தைக் காணப்போகிறாள் என்றும் நினைத்தேன். அவளே கேட்டாள் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுக் கேட்டாள்.

தகட்டில் இரண்டு தட்டு தட்டினேன்.

தொட்டி உயர்ந்தபோது அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். கடைசி நொடியில் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள், நான் தட்டுவேன் என்று அவள் நினைத்திருக்கவில்லை போல. முதல் பாறை இடுப்பில் விழுந்தது. அடுத்தது நெஞ்சில். சத்தம் என்று ஏதும் வரவில்லை, மூச்சு வெளியே வந்த மாதிரி ஒன்று மட்டும். எல்லாம் விழுந்து அடங்கிய பிறகு ஒரு கை மட்டும் மணிக்கட்டு வரைக்கும் வெளியே நீட்டிக்கொண்டு, விரல்கள் மணலைப் பிராண்டிக்கொண்டிருந்தன. நான் ஒரு கல்லை உருட்டிவிட்டு அதையும் மூடினேன். அஜித் இறங்கி வந்தான்.

"ண்ணா, கண்ணாடில ஏதோ துணி தெரிஞ்சாப்புல இருந்துச்சி. பின்னாடி யாருனா இருந்தாங்களா?"

"யாரும் இல்ல. அடுத்த வண்டிய கொண்டா."

ஆண்கள் வந்து தலை முழுகி முடிப்பதற்குள் வேலை நன்றாகவே நடந்தது. ஊர் திரும்பி வந்து கல்லைப் பார்த்துக் கொதித்தது, ஆனால் அதற்குள் அக்காவைக் காணோம் என்ற கூச்சல் எழுந்துவிட்டது. துக்கம் தாங்காமல் கடலில் இறங்கிவிட்டாள் என்று பெண்கள் சொன்னார்கள். அந்தக் கொந்தளிப்பிலும் படகுகளை எடுத்துக்கொண்டு தேடினார்கள். நானும் ஒரு படகில் ஏறிப்போய், வாந்தி எடுத்து எடுத்துக் குடல் வெளியே வந்துவிடும் போல ஆனேன். கரைக்கு வந்ததும் அன்புசெல்வி என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுக்கு இனி எல்லாம் நான்தான் என்று சொல்லித் தேற்றினேன். எந்தக் கல்லுக்கு அடியில் அவள் அம்மா இருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கும் நெஞ்சு வலித்தது. அஜித்துக்குத் தூக்கம் வரவில்லையாம். கடைசியில் அன்புசெல்வியிடம் போய்ச் சொல்லிவிட்டான். நல்ல பையன், ஆனால் மனசில் உறுதி போதாது.

மாமாவை நான்தான் கொன்றேன். அக்காமேல் கல்லைக் கொட்டச் சொன்னதும் நான்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அங்கே வேலை நின்று கிடப்பதுதான் எனக்குக் கவலை. வடக்கே அடுத்த ஊரில் கடல் தென்னை வரைக்கும் வந்துவிட்டது, நான் உள்ளே வருவதற்கு முந்திய வாரம்கூட அவர்கள் ஆள் அனுப்பிக் கேட்டார்கள்.

இடத்தை நானே வந்து காட்டுகிறேன். ஹிட்டாச்சி இயந்திரத்தை வைத்து மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுக்கச் சொல்லுங்கள். அடியில் கை வைத்தால் மொத்தமும் சரிந்துவிடும். அவளை எடுத்த பிறகு அதே கற்களை அன்றைக்கே திரும்ப அடுக்கிவிட வேண்டும், இது என் வேண்டுகோள். ஒரு ராத்திரி திறந்து கிடந்தாலும் கடல் உள்ளே ஏறிவிடும். முதலில் விழுவது அக்கா வீடுதான். தம்பி என்று நான் ஒருவன் உயிரோடு இருக்கும்போது அவள் வீட்டைக் கடல் கொண்டுபோக நான் விடமாட்டேன்.